ஈரத்துணி

– இல்ல சார், நீட்டாதீங்க. பொட்டலத்தை அப்படியே உங்க மடியிலயே வச்சுக்குங்க. இந்த கவர்மெண்ட் ஆபீஸ்ல ஒரு டீ வாங்கிக் குடுத்தாக்கூட அது லஞ்சம்தான்.

– லஞ்சமா! ரொட்டி மேடம். காலையில ஓவன்லேருந்து எடுத்தது, இன்னும் சூடு ஆறல. சொல்லப்போனா வேலை முடியறதுக்கு முன்னாடி குடுத்தாத்தானே லஞ்சம்? நீங்கதான் அந்த வீடியோவை எப்பவோ தூக்கிட்டீங்களே.

– விதின்னா விதிதான் சார். வேணும்னா வாசனை பிடிச்சுக்கறேன், அதுக்கு இன்னும் யாரும் விதி போடல.

– அப்ப இந்த மேசை ஓரமா வைக்கறேன். நல்லா வாசனை பிடிங்க.

– சிரிக்க வைக்காதீங்க, உக்காருங்க. கடை எப்படிப் போகுது?

– உங்க புண்ணியத்துல கதவு திறக்கறதுக்கு முன்னாடியே ஆளு வந்து நிக்குது. அந்த வீடியோ வந்தப்போ ஈ காக்கா இல்ல மேடம். எலி ஓடற பேக்கரியில எவன் ரொட்டி வாங்குவான்? அதுவும் மாவுத் தொட்டிகிட்ட ரெண்டு எலி, பூனை சைஸுக்கு! அவ்வளவு பெரிய எலி நிஜமா இருந்திருந்தா நான் அதை மூட்டை தூக்க வச்சிருப்பேன்.

– எங்க ஆளுங்க முதல்ல பிடிச்சதே எலியைத்தான். ரெண்டுக்கும் நிழல் இல்ல. இடம் உங்க இடம்தான், ஃபோன்ல எடுத்த நிஜப் படம். எலியை மட்டும் கம்ப்யூட்டர்ல செஞ்சு அதுல ஓட விட்டிருக்காங்க.

– இதைத்தானே அந்த வீடியோ கம்பெனிக்கு மாத்தி மாத்தி எழுதினேன்! கிணத்துல போட்ட கல்லு. கடைசியா ஒரு பதில் வந்துச்சு. 'உங்கள் கருத்துக்கு நன்றி. இந்த வீடியோ எங்கள் விதிகளை மீறவில்லை.' என் மானம் கப்பலேறிக்கிட்டிருக்கு, அவங்க எனக்கு நன்றி சொல்றாங்க!

– அது மனுஷன் எழுதின பதில் இல்ல சார், மெஷின் போடறது. பொய் வீடியோவுக்குன்னு புதுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, உச்சுக் கொட்டத்தான் முடியும். இப்ப நாங்க நோட்டீஸ் விட்டா ஒரே நாள்ல இறக்கியாகணும். இல்லன்னா அபராதத்துல பிழிஞ்சு எடுத்துடுவோம்.

– அந்த ஒரு நாளை நான் செத்தாலும் மறக்க மாட்டேன் மேடம். அன்னைக்கு எதிர்வீட்டு அக்கா ஃபோனைத் தூக்கிக்கிட்டு எங்க அம்மாகிட்ட காட்ட வந்துட்டாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, கடைப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. நான் வாசல்ல மறிச்சு நின்னு, 'அக்கா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன், காட்டாதீங்க'ன்னு கெஞ்சறேன். அந்தம்மா கேக்கவா போறாங்க? என்னை ஒதுக்கிட்டு உள்ள போய்த் திறந்தா, 'இந்த வீடியோ நீக்கப்பட்டது'ன்னு வருது. வயித்துல பாலை வார்த்தீங்க.

– அம்மா பார்த்திருந்தாத்தான் என்ன? பொய் வீடியோன்னு நீங்களே எடுத்துச் சொல்லியிருக்கலாமே.

– சொல்லியிருக்கலாம். அவங்க தாங்கியிருக்க மாட்டாங்க.

– சரி, விஷயத்துக்கு வருவோம். உங்களை வரச் சொன்னது வேற ஒண்ணுக்கு. வீடியோவை ஏத்தினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு.

– நான் இறக்கணும்னு மட்டும்தானே மேடம் கேட்டேன்?

– நீங்க கேக்கல, நாங்களே கேட்டோம். குடுக்க மாட்டோம்னு அந்தக் கம்பெனி முரண்டு பிடிச்சுது. வக்கீல் மேல வக்கீலா அனுப்பினாங்க. விடுவோமா? பேரு, வீட்டு விலாசம், எந்த இடத்துலேருந்து ஏத்தினாங்க, எல்லாம் இதோ இந்த ஸ்கிரீன்ல இருக்கு. பாதிக்கப்பட்டவர் நீங்க. கேட்டீங்கன்னா சொல்றது என் கடமை. அப்புறம் போலீஸ், கோர்ட்டு. வேண்டாம்னுட்டா இன்னைக்கே அழிச்சுடணும். நாளைக்கு நீங்க வந்து நின்னாலும் எங்ககிட்ட இருக்காது.

– எனக்காக இவ்வளவு மல்லுக்கட்டினீங்களா! கூடப் பொறந்தவங்ககூட இப்படி நிக்க மாட்டாங்க மேடம்.

– சம்பளத்துக்குத்தான் சார் நிக்கறேன். ஆனா மறைக்காம சொல்றேன், உங்க விஷயத்துல எனக்குக் கோவமும் வந்துச்சு. உழைச்சுச் சாப்பிடற மனுஷனை ஒரு நிமிஷ வீடியோவுல நடுத்தெருவுக்குக் கொண்டுவர்றதா? இந்த ஆளைக் கூண்டுல நிக்க வச்சுப் பார்க்கணும் எனக்கு. ம், கேளுங்க.

– அவசரம் என்ன மேடம். அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாருங்களேன். சாப்பிட வேண்டாம், சும்மா ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க.

– அமுக்கறதுக்கும் விதி இல்லதான்... அடேங்கப்பா. பஞ்சு மாதிரி உள்ள போய்ட்டு மறுபடியும் எழும்புது!

– என் கை இல்ல, தம்பி கை. நான் மெஷின்ல பிசைஞ்சா வயித்தை நிரப்பும், அவ்வளவுதான். அவன் கை பட்டாத்தான் மாவுக்கு உசிரு வரும். வாய்த் தகராறுல ரெண்டு வார்த்தை தடிச்சுப்போச்சு மேடம், ஏப்ரனைக் கழட்டி என் முன்னாடி வீசிட்டுப் போனான். வருஷக்கணக்கா முகத்துல முழிக்கல. கடை காத்தாடறதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி தானா வந்து நின்னான். 'நகரு'ன்னான். சட்டையை மடிச்சு விட்டான், பிசைய ஆரம்பிச்சான். இன்னைக்கு வரைக்கும் நிறுத்தல.

– நல்ல தம்பி. அதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தாரு?

– ஸ்டேஷன் பக்கத்துல கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பேக்கரி இருக்குல்ல, அங்கதான்.

– ஓ.

– என்ன மேடம், ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டிருக்கீங்க?

– ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல சார். தண்ணி குடிக்கறீங்களா?

– வேண்டாம்.

– நான் குடிச்சுக்கறேன்... சார், நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? இந்தப் பேரை நீங்க கேட்டுத்தான் ஆகணுமா?

– இப்பதானே கூண்டுல நிக்க வைக்கணும்னீங்க?

– சொன்னேன். இது நான் பேசக் கூடாத பேச்சு, விதியில இல்லாத பேச்சு. கடை நல்லாப் போகுது. தம்பி திரும்பி வந்துட்டாரு. வீடு நிம்மதியா இருக்கு. சில விஷயம் தெரியாம இருக்கறதே நல்லதுன்னு... நீங்க கேட்டா நான் சொல்லியே ஆகணும் சார். கேக்காதீங்க.

– மேடம், அந்த வீடியோவுல எலியைத் தவிர வேற என்ன பார்த்தீங்க?

– வேற என்ன இருந்துச்சு? ஓவன், மாவுத் தொட்டி.

– தொட்டி எப்படி இருந்துச்சு?

– மூடியிருந்துச்சு. ஏதோ வெள்ளைத் துணி.

– ஈரத்துணி. நாலு முனையையும் உள்ள மடிச்சுச் செருகியிருந்துச்சு. நான் மூடவே மாட்டேன் மேடம், எப்பவும் மறந்துடுவேன். அன்னைக்கும் மாவைத் திறந்தபடி போட்டுட்டு முன்னாடி வியாபாரத்தைப் பார்க்கப் போயிட்டேன். பின்பக்கக் கதவுக்கு ஒரு சாவி தம்பிகிட்டயே இருந்துச்சு, நான் திருப்பிக் கேட்டதில்ல. என்னை ஒழிச்சுக்கட்டப் படம் எடுக்க வந்தவன், காத்து பட்டு மாவு காயறதைப் பார்த்திருக்கான். மனசு கேக்கல. துணியை நனைச்சு, மூடி, செருகிட்டு, அப்புறமா படம் எடுத்திருக்கான்.

– அப்ப உங்களுக்கு... எப்போலேருந்து தெரியும்?

– முதல் தடவை பார்த்தப்பவே.

– தம்பிக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியும்னு?

– தெரியாது. அவன் தலையைக் குனிஞ்சு பிசையறான், நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டு பன்னு அடுக்கறேன். நல்லாத்தான் போகுது. நீங்க அந்தப் பேரை அழிச்சுடுங்க மேடம்.

– அழிச்சுடறேன். ஆனா ஒண்ணு புரியல சார். மன்னிச்சு விடறவரு, அன்னைக்கு ஏன் அப்படி ஓடி வந்தீங்க? 'இன்னைக்கே இறக்குங்க, இன்னைக்கே'ன்னு இந்த ஆபீஸ் வாசல்ல நின்னு அழுதீங்களே, கடைக்காகன்னுதானே நான் நினைச்சேன்?

– அந்தச் செருகல் எங்க அம்மா சொல்லிக் குடுத்தது மேடம். எனக்குக் கடைசி வரைக்கும் வரல, அவனுக்கு மட்டும்தான் வந்துச்சு. அம்மா அந்த வீடியோவைப் பார்த்திருந்தா எலியைப் பார்த்திருக்கவே மாட்டாங்க, துணியைத்தான் பார்த்திருப்பாங்க. அவங்க கண்ணுல படறதுக்குள்ள எடுத்துட்டீங்களே, அதுக்குத்தான் இந்த ரொட்டி.