பச்சை நாடா

உங்கள் பேனாவில் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, ஐயா. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் இரண்டு வைத்திருப்பேன்.

பெம்பாத் தீவில் எங்கள் முக்குளிப்பு நிலையத்துக்குப் பதினோரு வருடமாக நான்தான் பாதுகாப்பு அதிகாரி. தனியாகக் கடலுக்குள் இறங்குகிறவனுக்கு முகமூடி இரண்டு, கத்தி இரண்டு. முதுகில் பெரிய காற்று சிலிண்டர். அது தீர்ந்தால் உயிரோடு மேலே வர, இடுப்பில் சின்னது ஒன்று. இந்த விதியை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவன் நான். இரண்டு ஆணியில்.

காற்று நிரப்பிச் சரிபார்த்த சிலிண்டரின் வாயில் பச்சை நாடா ஒட்டுவேன். இந்த ஷாமேயின் நாடா இருந்தால் அளவுமுள்ளை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் அது என்னை அவமதிப்பது.

மிதவைகளுக்கு நங்கூரம் கட்டும் ஃபாக்கி தனியாகத்தான் இறங்குவான். சின்னது வேண்டாம், கனம் என்பான். பலமுறை கண்டித்தேன். வியாழக்கிழமை படகுத்துறையில் காபிக்காரர் முன்னால், அத்தனை பேர் கேட்கச் சொன்னான்:

"ஷாமே அண்ணே, எல்லாம் ரெண்டு ரெண்டா வேணும்பீங்களே. அண்ணி கோவிச்சுக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போய் ரெண்டு மாசமாச்சு. ஸ்பேர் எங்க?"

காபிக்காரர் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. காற்று நிரப்பும் அறைக்கும் படகுத்துறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் பூட்டை ஐந்து முறை இழுத்தேன்.

சனிக்கிழமை காலை அவனே வந்தான்.

"அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. பொண்ணு பொறந்திருக்கா. இனிமே நீங்க சொல்றபடிதான். அந்தச் சின்னதையும் குடுங்க."

மன்னித்துவிட்டேன், மனதார. ஆனால் சிலிண்டர்கள் முந்தின நாளே தயார். செய்து முடித்த வேலையைக் கலைப்பது என் பழக்கமல்ல.

சின்னதன் முள்ளைப் பார்க்கக் குனிந்தான். நாடாவைக் காட்டினேன்.

"தப்புதாண்ணே," என்று நிமிர்ந்துகொண்டான். மரியாதை தெரிந்த பையன்.

படகுத்துறையில் நடந்தேன். என் இரண்டு கடிகாரங்களுக்கும் ஒரு நிமிட வித்தியாசம். எதை நம்புவது என்று தெரியாமல் பெரும் அவஸ்தை. இரண்டின்படியும் அவன் மேலே வந்திருக்க வேண்டிய நேரம் கடந்தது.

பெரியதில் முப்பது மீட்டர் இறங்கிக் கொஞ்சம் வேலை செய்ய மட்டும் காற்று விட்டுவைத்திருந்தேன். ஏறி வர இல்லை. அதுவே போதும். ஆனால் ஒருவேளை அவன் திருந்திவிட்டால்? ஒன்றை மட்டும் நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது, ஐயா. அதனால் சின்னதையும் காலி செய்து நாடா ஒட்டியிருந்தேன். பெரியதன் முள் சிவப்பைத் தொட்டபோதுகூட அவன் பதறியிருக்க மாட்டான்.

உடலை வெளியே எடுத்தபோது சின்னதன் குழாய்தான் அவன் வாயில் இருந்தது. விதிப்படி.

கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். பாதுகாப்பின் அருமை அவனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். பதினோரு வருடத்தில் என் விதியைக் கடைசிவரை கடைப்பிடித்தவன் அவன் ஒருவன்தான்.