ஐந்து கடைப் பெட்டி

நெவ்ரிக்கு மாவு பிசையும்போது நெய்யைச் சூடாகத்தான் ஊற்ற வேண்டும், சார். ஆறின நெய்யை ஊற்றினால் மேல் ஓடு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். வட்டமாகத் தேய்த்த மாவுக்குள் பூரணம் வைத்து, பிறை போல மடித்து, ஓரத்தை முறுக்கிப் பொரிப்பது. நீங்கள் வடக்குப் பக்கத்துக்காரர், உங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் இருக்கும். மங்களூர் கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு நெவ்ரி இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. சர்ச் ரோட்டில் ஹில்டா க்ராஸ்டாவின் நெவ்ரி என்றால் ஒரு பெயர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

லவீனா டாவ்ரோ மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. அவள் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள். புருஷன் மஸ்கட்டில். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் என் கடைக்கு நேர் எதிரே ஒற்றைக் கதவு வைத்த சின்னக் கடை எடுத்து, கிடியோ போட ஆரம்பித்தாள். கிடியோ என்றால் கொங்கணியில் புழு. மாவைச் சீப்பின் மேல் உருட்டிப் பொரித்து, பாகில் புரட்டுவது. எங்கள் வீடுகளில் அதைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வார்கள். அதற்குத்தான் அவள் வாசலில் கூட்டம் நின்றது. என்னைவிடப் பத்து வயதுதான் இளையவள், ஆனால் வாய் நிறைய ஆன்ட்டி என்பாள்.

கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் விக்டர் குவைத்தை விட்டு வந்ததிலிருந்து என் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கேயே அவளுடைய கிடியோவை டீயோடு தின்பார். என் கடையில், என் நாற்காலியில்.

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புழுதான் ஹில்டா. ஆனா வாயில போட்டா கரைஞ்சுடுது. நீயும் ஒண்ணு தின்னுதான் பாரேன், இந்தச் சிடுசிடுப்பாவது குறையும்."

நான் தின்று பார்த்தேன், அவர் இல்லாதபோது. நன்றாகத்தான் இருந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்ல நான் ஒன்றும் புனிதை அல்ல.

பெட்டி யோசனையும் அவளுடையதுதான். போன வருஷம் பெரிய மால்காரர்கள் கிறிஸ்துமஸ் வியாபாரத்தை வாரிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை மழை விட்டதும் லவீனா எங்களை ஃபெலிக்ஸ் லோபோவின் பேக்கரியில் கூட்டினாள். ஃபெலிக்ஸ் பிளம் கேக் போடுகிறவர். மெழுகுவர்த்திக் கடைக் காமத் வந்தார். அட்டைப்பெட்டி செய்கிற ஹமீத் வந்தார். நானும் போனேன்.

"தனித்தனியா நின்னா நம்மள ஒவ்வொருத்தரா முழுங்கிடுவாங்க," என்றாள் லவீனா. "ஒரே பெட்டி. ஃபெலிக்ஸ் அங்கிள் கேக்கு, ஹில்டா ஆன்ட்டி நெவ்ரி, என் கிடியோ, காமத் மாமா மெழுகுவர்த்தி. ஹமீத் காக்கா பெட்டி. யார் கடைக்கு ஆள் வந்தாலும் அஞ்சு பேருக்கும் வியாபாரம்."

"பேஷ்," என்றார் ஃபெலிக்ஸ். "இத்தனை வருஷம் இது நம்ம மண்டையில உதிக்கலியே."

எனக்கும் அது நல்ல யோசனை என்றே பட்டது. அதுதான் கசந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தாலும் தேரில் உட்காருவது ஒருத்திதானே.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, ஒரே ஒரு விஷயம். உங்க பூரணத்துல வேர்க்கடலை போடுவீங்கல்ல? பெட்டியில அது வேண்டாமே. ரியோனாவுக்கு ஆகாது. ஸ்கூல்ல யாரோ ஒரு துண்டு கடலைமிட்டாய் குடுத்து மூச்சே நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில நாலு நாள். இன்னொரு தடவ வந்தா பிழைக்க மாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார். அவளைப் போல வேற பிள்ளைங்களும் இருக்கும்ல?"

ரியோனா அவள் மகள். இரண்டாம் வகுப்பு. அவளே அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். யார் எதைக் கொடுத்தாலும் கடலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வறுத்த வேர்க்கடலைதான் என் நெவ்ரியின் உயிர், சார். கொப்பரை, எள், சர்க்கரை எல்லாம் அதற்குத் துணை. ஆனாலும் சரி என்றேன். ஒரு குழந்தை விஷயத்தில் வேறு என்ன சொல்வது? பொட்டுக்கடலை போட்டுச் செய்தேன். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. அதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி மூடியில் ஐந்து கடைப் பெயரும் இருந்தன. லவீனாவின் பெயர் உச்சியில். ஹமீதிடம் கேட்டேன்.

"வட்டமால்ல போட்டிருக்கு ஹில்டாக்கா," என்று சிரித்தார். "வட்டத்துல முதல் எது, கடைசி எது? பெட்டிய அப்படியே திருப்பிப் பிடிங்க, நீங்கதான் உச்சி."

திருப்பிப் பிடித்தேன். எழுத்து தலைகீழாகத் தெரிந்தது.

பெட்டி அமோகமாகப் போனது. துபாய், மும்பை என்று இருக்கிற நம் ஆட்கள்கூடப் போனில் சொல்லி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். என் அடுப்பு அணையவே இல்லை. அத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு டிசம்பர் வாய்த்ததில்லை, அதையும் மறுக்கவில்லை. பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். நடுவில் லவீனா, நாங்கள் நால்வரும் இரண்டு பக்கமும் கல்யாணச் சத்திரத்து வாழை மரம் மாதிரி. பூசை முடிந்து வெளியே வந்தால் சனங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "ஆஹா, அந்தக் கிடியோ," என்பார்கள். பிறகு ஞாபகம் வந்து, "உங்க நெவ்ரியும் நல்லாத்தான் இருந்துச்சு. முன்ன மாதிரி இல்ல, என்ன?" என்பார்கள். முன்ன மாதிரி எப்படி இருக்கும்? யார் அதைக் கெடுத்தது என்று நான் சொல்ல முடியுமா? நானும் சிரித்துவைத்தேன்.

கடைசியில் எங்கள் ஐந்து குடும்பத்துக்கும் ஆளுக்கொரு பெட்டி என்று முடிவானது. அதை அடுக்குகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மற்ற எந்தப் பெட்டியிலும் வேர்க்கடலை இல்லை என்று பரிசோதனையில் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். வராது. அவை ஐவருக்கும் பொதுவான பெட்டிகள். பொதுச்சொத்தில் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. லவீனா வீட்டுப் பெட்டிக்கு மட்டும் பழைய பூரணத்தில் கொஞ்சம் நெவ்ரி செய்தேன். கடலையை மாவாகவே அரைத்தேன், பல்லில் தட்டுப்பட்டால் ருசி கெட்டுவிடும் என்று. அவள் தின்று பார்க்க வேண்டும். எதை வேண்டாம் என்றோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். என் நோக்கம் அவ்வளவுதான். அவளிடம் சொல்லிவிட்டே கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் தின்பாளா, சார்?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டியோடு தெருவைத் தாண்டிப் போனேன். கடையில் ரியோனா மட்டும் இருந்தாள். பாகு டப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கடீ?"

"ஃபெலிக்ஸ் அங்கிள் கடைக்குப் போயிருக்காங்க ஆன்ட்டி. இப்ப வந்துடுவாங்க."

நான் திரும்பியிருக்கலாம். வெயிலில் வந்த களைப்பு, அங்கேயே உட்கார்ந்தேன். பெட்டியை அவள் பக்கத்தில்தான் வைத்தேன், வேறு இடமில்லை. அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இதுல கடலை இல்லையே?"

"இது உங்கம்மா போட்ட திட்டம்தானே, கண்ணு," என்றேன். "உங்கம்மா பெட்டியில கடலை வருமா?"

கவனித்தீர்களா, சார்? இல்லை என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவளுடைய மருந்து லவீனாவின் கைப்பையில் இருந்ததாம். கைப்பை ஃபெலிக்ஸ் கடையில் லவீனாவோடு இருந்தது. அதற்கு நான் என்ன செய்வேன்? லவீனா வருகிற நேரத்தில் நான் என் கடைக்குத் திரும்பிவிட்டேன். அவள் அலறியது கேட்டதும் முதலில் ஓடியது விக்டர். நான் கல்லாவைப் பூட்டிவிட்டுத்தான் போக முடிந்தது. அடக்கத்தன்று லவீனா என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் நிஜம்.

தெரிந்தே செய்தாயா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும், சார். அந்தப் பிள்ளை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பெட்டியில் ஃபெலிக்ஸின் கேக் இருந்தது. பெற்ற தாய் செய்த கிடியோ இருந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு நெவ்ரியைத்தான் எடுத்தாள். ஓரத்திலிருந்து கடித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். "ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி, இன்னொண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டாள். எடுத்துக்கோ என்றேன். எத்தனை வருஷமாயிற்று, சார், என் நெவ்ரியை ஒருத்தர் இன்னொன்று கேட்டு.