பந்தல்காலில் தொங்கிய சிலேட்டு

விதையில்லாத் திராட்சைக்குத் தண்ணீரைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். குச்சி நட்ட மூன்றாம் வருடம்தான் எங்கள் தோட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி குலை பிடித்தது. பாரம் தாங்காமல் மரப்பந்தல் சாய்ந்ததும், இரும்பில் போட வெல்டரை அழைத்தேன். நான்கு நாள் வேலை. வேலையில் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நான்கு நாளும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் என் மகள். பந்தல் முடிந்த ஐந்தாம் மாதம், கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்றாள். நான் கத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் குரல் உயர்த்துவதில்லை.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றேன்.

பூச்சிமருந்து அடித்தால் பதினைந்து நாள் பழத்தைத் தொடக்கூடாது. அதற்காகவே பந்தல்காலில் ஒரு சிலேட்டு தொங்கும். மருந்தடித்த தேதியை மகள் அதில் எழுதிவைப்பாள். சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனபின் நான் மருந்தடித்தேன். அளவுக்குப் பல மடங்கு. சிலேட்டில் பொய்யாக எதையும் எழுதவில்லை. அவள் எழுதியிருந்த பழைய தேதியை அப்படியே விட்டுவைத்தேன்.

அவன் சலவைச் சட்டையில் வந்தான். பந்தல் போட்டபோது 'ஐயா' என்றவன் அன்று 'மாமா' என்றான்.

"அப்பா, மருந்தடிச்சு ஒரு மாசமாச்சே. பறிக்கலாமா?"

"தேதி எழுதுறவ நீ. என்னைக் கேட்டா?"

"கழுவிட்டு வரேன்."

"நம்ம வீட்டுப் பழம், எதுக்கு?" என்றேன்.

அவள் தன் கையாலேயே ஒரு குலை பறித்துக் கொடுத்தாள்.

"துப்புற வேலையே இல்ல. சோம்பேறிக்குன்னே பொறந்த பழம், மாமா" என்று சிரித்தபடி கைநிறைய உருவி வாயில் போட்டுக்கொண்டான்.

"அப்ப உனக்குன்னே பொறந்ததுதான்" என்று சொல்லி அவளும் இரண்டு எடுத்தாள். அவள் கை வாய்க்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுத்திருந்தால் அவனுக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

அவன் மறுநாள் இறந்தான். அவள் பிழைத்தாள். தான் கொடுத்துத்தான் செத்தான் என்று மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் கிடக்கிறாள். அவள் அறைக் கதவு வரை போவேன், நின்று திரும்பிவிடுவேன்.

இன்று இந்த ஸ்டேஷனுக்கும் அதைச் சொல்ல வரவில்லை, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் அறிக்கையில் 'மகளின் அஜாக்கிரதை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடியுங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணை நான் அப்படி வளர்க்கவில்லை.