ஒரு படித் தவிடு

— தகப்பனார் பெயர்? அது இல்லாமல் நான் சீட்டு எழுத மாட்டேன். சீட்டு இல்லாமல் டாக்டர் ஐயா ஊசியைத் தொட மாட்டார்.

— சங்கரபாண்டின்னு எழுதுங்க, கம்பவுண்டரய்யா. மேலகரம். லாரி ஓட்டுதாரு. இந்தா, கதவுகிட்ட நிக்காரே, இவருதான்.

— நான் இல்ல, ஹைருன் அக்கா. பிள்ளைய ஒங்களுக்கு வித்தாச்சுல்லா.

— விற்றதா? விற்ற குழந்தைக்கென்று இங்கே தனிச் சீட்டு கிடையாதே.

— ஒரு படித் தவிட்டுக்கு வாங்குனேன் அய்யா. இவ பிறந்த அன்னைக்கே இவ அம்மை மாரித்தாய் போயிட்டா. ஒரு வருசம் பெத்தவன் கை படக்கூடாது, பட்டா பிள்ளை தங்காதுன்னு ஜோசியரு சொல்லிட்டாரு. எம் பிள்ளையோட சேத்து இவளுக்கும் நான்தான் பால் குடுக்கேன். எழுதுங்க. ஒடம்பு தீயாக் கொதிக்கு, வழியில ரெண்டு தடவ வெட்டி இழுத்துட்டு.

— அக்கா, கண்ணு மேல சொருகுது.

— டாக்டர் ஐயா ஊசியோடு தயார். யாராவது நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அசைந்தால் ஊசி முறிந்துவிடும்.

— ஊசியப் பாத்தா நான் கண்ண மூடிக்கிடுவேன், பிடி விட்டுரும். நீங்க பிடிங்கய்யா.

— நானா? மருந்து கலக்குகிற கை அம்மா இது. குழந்தை நனைத்துவிட்டால் மிக்சர் என்ன ஆவது?

— அப்போ தம்பி, நீங்க வாங்க.

— மாட்டேன். மாரித்தாய் கையப் பிடிச்சேன், பிடிச்ச பிடியிலயே போயிட்டா. இதையும் நானே கொல்லணுமா?

— அந்த ஜோசியரு பேச்சையா நம்புதீங்க? போன சாரல் சீசன்ல மழையே இல்லன்னு சொல்லிட்டு, நனைஞ்ச கோழியா எங்க வாசல்ல வந்து ஒதுங்குன மனுசன்.

— அவரு மட்டுமா? மாரித்தாயே சொல்லுதா. ராத்திரி லோடு இறக்கிட்டு வந்து மத்தியானம் வேப்பமரத்தடிக் கட்டில்ல கிடக்கேன்லா, தினமும் கனவுல வாரா. நெஞ்சுல சாஞ்சு அழுதா. முழிச்சா நெஞ்செல்லாம் ஈரம். பிள்ளையத் தொடாதேன்னுதான் அக்கா அழுதா.

— ஆவிக்கு இங்கே வைத்தியம் இல்லை. பிடிப்பது யார்?

— தம்பி, ஒதடு நீலமாகுது.

— தொட்டாலும் போயிரும், தொடாட்டாலும் போயிரும்னா... குடுங்க. இங்க குடுங்க.

— இறுக்கி. இன்னும் இறுக்கி. அசையக்கூடாது. ஆயிற்று.

— அக்கா, ஏன் அசைய மாட்டேங்கா? நான் தொட்டுட்டேன். தொட்டுட்டேன்லா.

— பொறுங்க தம்பி. முதுகத் தடவுங்க.

— அழு தாயி. ஒரு தடவ அழு. ஏட்டி, அப்பன் சொல்லுதேன், அழுட்டி.

— அந்தா, மூச்சு விடுதா. இழுப்பு நின்னுட்டு. சிணுங்குதா பாருங்க.

— உங்கள் சட்டையை நனைத்துவிட்டது. இதற்குத்தான் ஐயா நான் பிடிக்கவில்லை.

— அக்கா. இந்த ஈரம்... இந்த வெதுவெதுப்பு... கட்டில்ல முழிக்கையில இப்படித்தான் இருக்கும்.

— திட்டாதீங்க தம்பி. வேற எங்கன போட்டாலும் இவ தூங்க மாட்டேங்கா. ரெண்டு மாசமா மத்தியானம் நீங்க அசந்து தூங்கையில, எங்க வீட்டுக்காரக இவளத் தூக்கியாந்து ஒங்க நெஞ்சுலதான் போடுதாக.