பேட்டரி இல்லாத லைட்டர்

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரும் ஒரு டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மடியில் கழற்றிப் போட்ட கேஸ் லைட்டர்.

"பேட்டரியே போடாம வித்துட்டான் டீச்சர். இன்னைக்கி கடையில கேக்காம விட மாட்டேன்."

"எத்தனை நாள் வேலை செஞ்சிச்சு?"

"மூணு மாசம்."

"பேட்டரி இல்லாமலா?"

அக்கா லைட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள கல்லு மாதிரி ஒண்ணு இருக்குக்கா. அதை அழுத்தினா ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ்னு அது மேலயே கரண்டு வரும். விட்டா போயிரும். மலையில கெடக்கிற வெள்ளக் கல்லுலயும் கொஞ்சூண்டு வரும்."

"நாங்க தேத்தண்ணி குடிக்க உக்கார்ற கல்லா?"

"அதேதான். நீங்க உக்கார்ற பாரத்துலயே வரும், ஆனா நமக்குத் தெரியாத அளவு கொஞ்சம்."

அக்கா லைட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு வளைவு தாண்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கி கங்காணி 'எந்திரி'ன்னு கத்தட்டும் டீச்சர். 'கரண்டு எடுத்துக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் இருங்க'ன்னு சொல்லிர்றேன்."