நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நான் கொன்ற பெண்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஸ்கோர்பி நகர நூலகர் ஹென்னிங் அவர்களே, நட்டத்துக்கு அஞ்சாமல் என் எழுத்தை நூலாக்கிய பதிப்பாளர் அவர்களே, கொட்டும் மழையில் சைக்கிள் மிதித்து வந்து நனைந்த மேலங்கியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பெற்று வளர்த்த தாய்மார்களே, பெறாமலே வளர்த்த தாய்மார்களே, பெற்றும் வளர்க்க விடப்படாத தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ரிக்கேயின் வணக்கம்.

என் நூலின் இரண்டாம் பதிப்பு இன்று வெளியாகிறது. கைதட்ட வேண்டாம். பொறுங்கள். முதல் பதிப்பில் நான் ஒரு பெண்ணைக் கொன்றேன். அதைச் சொல்லத்தான் மேடையேறியிருக்கிறேன்.

தோர்ன்ஹோம் தீவு இல்லத்தை இங்கே அறியாதவர் யார்? நடத்தை சரியில்லை என்று முத்திரை குத்தி, நம் ஊர்ப் பெண்களைப் படகேற்றி அனுப்பிய இடம். மாலுமி ஒருவனோடு ஆடியது குற்றம். வீடு திரும்பத் தாமதித்தது குற்றம். வாய்விட்டுச் சிரித்தது குற்றம். அந்த அநியாயத்தை ஆறாண்டு ஆராய்ந்து எழுதினேன். அரசு வருத்தம் தெரிவித்தது. நாளேடுகள் பாராட்டின. நானும் நிமிர்ந்து நடந்தேன்.

அந்த நூலின் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வால்போர்க் என்ற பெண் வருகிறாள். பதினெட்டு வயதில் தீவுக்குப் போனவள். பத்தொன்பதில் பெண் குழந்தை பெற்றவள். மறு ஆண்டு மார்ச் மாதம் நிமோனியாவில் இறந்தவள். இல்லத்து ஏடு அப்படித்தான் சொன்னது. ஏடு ஒரு வரி எழுதியிருந்தது. நான் ஒரு பக்கம் எழுதினேன். பனி பெய்தது என்றேன், கடல் அழுதது என்றேன். படித்தவர்கள் கலங்கினார்கள்.

போன இலையுதிர் காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இதே நூலகத்து வாசகர் வட்டம் என்னை அழைத்தது. இருபது பேர். ஆமாம் ஐயா, நீங்களும் இருந்தீர்கள், நினைவிருக்கிறது. காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை உருக்கமாகப் படித்தேன். முடித்ததும் கடைசி நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி கை தூக்கினார்.

"ஒரு சந்தேகம்மா. அந்தப் பொண்ணு செத்துட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

இல்லத்து ஏடு சொல்கிறது என்றேன்.

"அப்ப ஏடு பொய் சொல்லுது. நான்தான் அந்த வால்போர்க். செத்தவ எங்கயாச்சும் ரெண்டாவது காபி கேப்பாளா?"

நான்கு பேர் சிரித்தார்கள். 

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து ஓடி அந்தக் கைகளைப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? காலில் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? நான் செய்தது என்ன தெரியுமா? "உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டேன். உயிரோடு எதிரே இருந்தவரிடம், உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கைப்பையைத் திறந்து, மஞ்சள் நிற மருத்துவ அட்டையை எடுத்து, விரித்திருந்த என் நூலின் மேல் வைத்தார். "போன வாரம் பல் டாக்டர்கிட்ட இது செல்லுச்சு. உங்ககிட்ட செல்லுமா?" என்றார். கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறியிருந்தது. பிறந்த தேதி மாறவில்லை. என் நூலில் இருந்த அதே தேதி.

ஒரே ஒரு நாள், ஊரார் பிறப்பு இறப்பையெல்லாம் எழுதி வைக்கும் திருச்சபைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அவர் இறக்கவே இல்லை என்று. ஆறாண்டு உழைத்த நான் அந்த ஒரு நாளை ஒதுக்கவில்லை.

ஆனால் அவர் என்னைத் திருத்த வரவில்லை. வேறொன்று கேட்க வந்திருந்தார். குழந்தையைத் தத்துக் கொடுக்கக் கையெழுத்துப் போடும்படி மூன்று முறை வற்புறுத்தினார்களாம். மூன்று முறையும் மறுத்தாராம். ஒரு நாள் காலையில் தொட்டில் காலியாக இருந்ததாம். குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது என்றார்களாம். அறுபது ஆண்டுகளாக அதை நம்பியிருந்தார், என் நூலைப் படிக்கும் வரை.

"நான் செத்துட்டேன்னு எழுதினவங்கதான் எம்பொண்ணு செத்துட்டான்னும் சொன்னாங்க. அப்ப அவளும்...?"

அவர் அந்தக் கேள்வியை முடிக்கவில்லை. 

பின்வரிசையில் யாரோ சத்தமாகச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். தாய் இறந்துவிட்டாள் என்று எழுதிவிட்டால் தத்துக் கொடுக்க அவள் கையெழுத்து தேவையில்லை. அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு பேரைச் சாகடித்தார்கள். தாய்க்குக் குழந்தை செத்தது. குழந்தைக்குத் தாய் செத்தாள்.

தேடினோம். மூன்று மாதம் ஆவணக் காப்பகத்தில் கிடந்தேன். தத்தெடுத்த குடும்பத்தின் பெயர் கிடைத்தது. மகளின் பெயர் யூத்தே. ஓடென்ஸே நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் அழைத்தேன். உங்கள் தாயார் உயிரோடு இருக்கிறார் என்றேன். 

"எங்கம்மா செத்துட்டாங்க. உங்க புத்தகத்துலதானே படிச்சேன்."

அவையோரே, அந்தப் பெண்மணி இருபது ஆண்டுகள் தாயைத் தேடியவர். தத்துக் காகிதத்தில் தாயின் பெயர் வால்போர்க் என்றும் அவர் இறந்துவிட்டார் என்றும் இருந்தும் தேடியவர். இரண்டாண்டுகளுக்கு முன், என் நூலைப் படித்த நாளில் தேடுவதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "அந்தக் காகிதத்த நான் நம்பல. உங்கள நம்பினேன்" என்றார்.

அநீதியை அம்பலப்படுத்த எழுதிய நூல் அந்த அநீதிக்கே சாட்சி சொன்னது. கொடியவர் கட்டிய பொய்ச் சுவரில் கடைசிக் கல்லை நல்லவள் நான் வைத்தேன். இதைவிட அதிர்ச்சி எனக்கு வாழ்வில் இல்லை. இனியும் வேண்டாம்.

ஓடென்ஸே ரயில் நிலையத்தில் இருவரும் சந்தித்தார்கள். மகள் நாற்பது நிமிடம் முன்னதாக வந்தார். தாய் ஒரு மணி நேரம் முன்னதாக. அன்னியரிடம் நீட்டுவதுபோல் மகள் கை நீட்டினார். தாய் பிடித்த கையை விடவில்லை.

"மூணு தடவ கேட்டாங்க. நான் கையெழுத்துப் போடவே இல்லடி. அத மட்டும் நீ தெரிஞ்சுக்கணும்."

 மகள் தாயின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள். எங்கே என்று தேடாதீர்கள். எழுந்து நிற்கச் சொல்லக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

நண்பர்களே, அந்த இல்லத்து ஏட்டில் இறந்தவர்களாக இன்னும் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். இம்முறை ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். ஏழு பேருக்குக் கல்லறை இருக்கிறது. நான்கு பேருக்குக் கல்லறையும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. கேளுங்கள்: ஹெடெவிக், காமில்லா, தோரா, எல்ஃப்ரிதா. இந்தப் பெயர்களில் எந்தப் பெண்ணையாவது உங்கள் தெருவில் பார்த்திருக்கிறீர்களா? தாயில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் எவரையாவது அறிவீர்களா? நூலில் அச்சாகியிருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதீர்கள், என் நூலையும் சேர்த்துத்தான். கேளுங்கள், தோண்டுங்கள், துருவுங்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எத்தனை தொலைவானாலும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட நான் வருகிறேன். அந்த நால்வரும் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். நமக்கு நேரமில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இடம் தந்த நூலகத்துக்கும், என்னை மன்னித்தேன் என்று இன்னும் சொல்லாத இரண்டு பெண்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.