தாய்மாமன் மடி

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். உங்கள் ஆட்களுக்குச் சுகர் வந்தால் அப்புறம் திருடனைத் துரத்த முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுகிற தம்பிக்கு வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

என் பெயர் மாணிக்கவேல். பட்டுக்கடை சின்னதுரை என்றால் ஆரணியில் தெரியாதவர் இல்லை. அவர் என் தங்கையின் புருஷன். ஆண் வாரிசுக்காக மூன்று கல்யாணம் செய்துகொண்ட மகானுபாவர். முதல் இரண்டிலும் பெண்கள். மூன்றாவதாகப் போன என் தங்கை சந்தோஷைப் பெற்றுக் கொடுத்துவிட்டு அந்த மாதமே கண்ணை மூடினாள். பையனுக்கு ஒன்பது வயதாகும்போது மாரடைப்பில் அவரும் போய்ச் சேர்ந்தார். கடைக்கும், அவரிடம் பாவு நூல் வாங்கி நெய்கிற அத்தனை குடும்பங்களுக்கும் இனி யார் முதலாளி? மூக்கு ஒழுக நிற்கிற சந்தோஷ்.

அவனுக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர். நானும் என் தம்பி தமிழ்வாணனும். மூத்தவன் என்ற முறையில் கடைச் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். பையனும் என் வீட்டுக்கே வந்துவிட்டான். பெரியவன் இருக்கும்போது சின்னவன் கையில் சாவி போனால் ஊர் சிரிக்காதா?

என் மனைவி சுகன்யா பள்ளிக்கூடத்தில் ஹிஸ்டரி டீச்சர். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே சிரித்தாள்.

"இன்னாங்க இது, எங்க பாடத்துல வர்ற கதையாட்டமே இருக்குது. இங்கிலாந்துல டியூடர் வம்சத்துல எட்வர்டுன்னு ஒரு பையன். ஒம்பது வயசுல ராஜா. அவனுக்கும் ரெண்டு தாய்மாமன். பெரியவன் நாட்டை ஆண்டுகினு இருந்தான். சின்னவனுக்குப் பொறுக்கல. பையனுக்குக் காசு குடுத்துக் கைக்குள்ள போட்டுகினான். அப்புறம் பையன் தூங்குற எடத்துக்கே பூந்து, கத்துன நாயைச் சுட்டுட்டான். பெரியவனே கையெழுத்துப் போட்டு தம்பி தலையை வாங்கிட்டான். அதோட முடியலங்க, அப்புறம்…"

"போதும், சட்னி போடு" என்றேன். எனக்கு ஆறின தோசை பிடிக்காது.

தமிழ்வாணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை வெட்டி இல்லாத நல்லவன். ஊரில் பாதிப் பேருக்கு மச்சான். நான் சந்தோஷை அபாகஸ் வகுப்பில் சேர்த்தேன். அவன் பைக்கில் உட்காரவைத்துப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். பத்து வயதுப் பையன் எந்தப் பக்கம் சாய்வான் என்று உங்களுக்கே தெரியும். பையன் வளர்த்த தெருநாய் ஜிம்மிக்குக்கூட அவன் மறக்காமல் ஒரு பொட்டலம் எலும்பு வாங்கிவருவான். நாய்கூட என்னைப் பார்த்தால் உறுமும். என்ன அநியாயம் பாருங்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். காதுகுத்துதான் வம்பு. சின்னதுரை வியாபாரம் வியாபாரம் என்று தள்ளிப்போட்ட காரியம். படவேட்டு அம்மன் கோயிலில் முடித்துவிடலாம் என்று நாள் பார்த்தேன். பையன் மொட்டையாகச் சொன்னான்: "நான் தமிழ் மாமா மடியிலதான் உக்காருவேன்."

ஐயா வெளியூர் என்பதால் விளக்குகிறேன். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் பத்துப் பேர் இருந்தாலும் மடி ஒன்றுதான். பட்டு வியாபாரிகள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். யார் மடியோ, அவன்தான் மறுநாளிலிருந்து சின்னதுரை கடையின் ஆள். நான் ஓரமாக நின்று பன்னீர் தெளிப்பதா?

அடுத்த முறை எலும்புப் பொட்டலம் வந்தபோது அதில் எலி மருந்து தூவினேன். ஜிம்மி போய்விட்டது. "உன் தமிழ் மாமா குடுத்த எலும்புதான்டா" என்று பையனிடம் சொன்னேன். கவனியுங்கள், இதில் பொய் ஒன்றும் இல்லை. எலும்பு அவன் கொடுத்ததுதான். பையன் தேம்பித் தேம்பி அழுதான். தோட்டத்தில் நானே குழி வெட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மரியாதையாகப் புதைத்தேன்.

தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல சித்திரை வெயிலில் வந்து நின்றான்.

"மடிதானண்ணா வேணும்? நீயே வெச்சிக்கோ. எனக்கு அந்தக் கடையும் வேணாம், ஒரு பேஜாரும் வேணாம். அந்த நாய் உன்னை இன்னாண்ணா பண்ணுச்சி? பையன் என்னைப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிகினு போறான். அவன்கிட்ட உண்மையச் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

மடியை விட்டுக்கொடுத்தான், பெரிய மனசு. ஆனால் உண்மையைச் சொல்லுவேன் என்கிறானே. வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது அவனுக்கு. வந்தவனைத் தாகத்தோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மோர் கலக்கிக் கொடுத்தேன். எலி மருந்தும் மிச்சம் இருந்தது. எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. உள்ளே பையன் அபாகஸ் போட்டுக்கொண்டிருந்தான். மணி நகர்த்துகிற சத்தம் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

ஊரில் ஹார்ட் அட்டாக் என்றார்கள். இந்தக் காலத்தில் வயசுப் பையன்கள்தான் பொத்தென்று விழுகிறார்களே. அன்றே எரித்துவிட்டோம். நான் அழுதேன், ஐயா. நிஜமான அழுகை. சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவன் நான்.

அதற்குப் பிறகு சந்தோஷ் தங்கமான பிள்ளையாகிவிட்டான். சொன்ன இடத்தில் உட்கார்ந்தான், போட்டதைத் தின்றான், மோரை மட்டும் தொடமாட்டான். சாவு விழுந்த வீடு, ஒரு வருஷம் போகட்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். பையன்தான் அடம்பிடித்தான். "தீட்டு கழிஞ்சதும் காதுகுத்து வெச்சிடலாம் மாமா. உங்க மடியிலயே உக்காந்துக்கறேன். ஒருத்தர் வுடாம எல்லாரையும் கூப்பிடுங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூப்பிட்டேன். கோயில் மண்டபம் நிறைந்தது. நீங்களே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். பையன் என் மடியில் உட்கார்ந்தான். இரண்டு காதிலும் குத்தினார்கள், அவன் முகம் சுளிக்கவில்லை. பிறகு, மொய் வாசிக்கிறவரிடம் கை நீட்டி மைக்கை வாங்கினான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க தமிழ் மாமாவுக்கு மோர்ல மருந்து கலந்து குடுத்தது இவருதான். நான் பாத்தேன். ஜிம்மிக்கும் இவருதான் வெச்சிருப்பாரு. ஜிம்மிய எரிக்கல, தோட்டத்துலதான் பொதச்சிருக்குது. போலீஸ் தோண்டிப் பாக்கலாம்."

திக்கவில்லை, திணறவில்லை. அபாகஸ் வகுப்புக்கு அனுப்பியது வீண்போகவில்லை.

நேற்று சுகன்யா சாப்பாடு கொண்டுவந்தாள். "அந்த இங்கிலாந்துக் கதையில பெரியவன் இன்னாதான் ஆனான்?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன் தலையும் போச்சிங்க. அதே பையன் ராஜாவா இருக்கும்போதே." வைத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் இரண்டு கதையும் ஒன்று என்று அவள் நினைக்கிறாள். அவனுக்கு மருமகன் வெறும் ராஜா. எனக்கு அப்படியா?

என் தம்பியைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே இதையும் எழுதட்டும். அத்தனை பேர் முன்னால் அத்தனையும் சொல்லி முடித்த பிறகும், நீங்கள் வந்து தூக்குகிறவரை பையன் என் மடியைவிட்டு இறங்கவில்லை. என்மேல் பிரியம் இல்லாமலா, ஐயா, அப்படி உட்கார்ந்திருப்பான்?